எழுபது வயதில் மூத்திரப்பை ஆபரேஷன்... செய்யலாமா, வேண்டாமா?

சிறுநீர் சிவப்பாகப் போகிறது. வலி இல்லை. எரிச்சல் இல்லை. காய்ச்சலும் இல்லை. இரண்டு நாளில் தானாகவே நின்றும் விடுகிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

"ஒண்ணுமில்லைப்பா, உடம்புச் சூடு. ரெண்டு இளநீர் குடிச்சேன், சரியாப் போச்சு!"

இளநீர் குடித்ததால்தான் நின்றது என்று வீட்டில் உள்ளவர்களும் நம்பி விடுவார்கள். வம்பே அங்கேதான் ஆரம்பிக்கிறது. சிறுநீர்ப்பையில் வரும் புற்றுநோயின் முதல் அடையாளமே இப்படி வலியில்லாமல் வந்து, வலியில்லாமல் மறைகிற ரத்தம்தான். ரத்தம் நின்று விடும்; உள்ளே இருக்கும் கட்டி நிற்காது. மறுபடி ரத்தம் தெரிய ஆறு மாதம்கூட ஆகலாம். அதற்குள் கட்டி ஆழமாக இறங்கியிருக்கும்.

பீட்ரூட் சாப்பிட்டாலும் சிவப்பாகப் போகும், கல் இருந்தாலும் ரத்தம் வரும், கிருமித் தொற்றிலும் வரும். உண்மைதான். ஆனால் ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு ஒரே ஒரு முறை ரத்தம் தெரிந்தாலும், 'வேறொன்றும் இல்லை' என்று டாக்டர் சொல்ல வேண்டும். நாமே சொல்லிக்கொள்ளக் கூடாது. பெண்களுக்கு இன்னும் கவனம் தேவை. மாதவிலக்கு நின்ற பிறகு வரும் ரத்தம் கர்ப்பப்பையிலிருந்து வருகிறதா, சிறுநீரில் வருகிறதா என்று தெரியாமலும், 'நீர்க்கடுப்பு' என்று திரும்பத் திரும்ப மாத்திரை சாப்பிட்டும் நாள் கடத்தி விடுகிறார்கள்.

இந்த நோய் ஆண்களுக்கு வருவது பெண்களைவிட மூன்று, நான்கு மடங்கு அதிகம். பெரும்பாலும் அறுபது, எழுபது வயதில்தான் தலைகாட்டும்.

ஓசூர்க்காரர்கள் ஏன் கவனிக்க வேண்டும்?

1895-ல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் லுட்விக் ரேன் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். சாயத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வந்திருந்தது. சாயம் தயாரிக்கும் ரசாயனம் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகிறது. அதைச் சிறுநீரகம் வடிகட்டிச் சிறுநீர்ப்பைக்கு அனுப்புகிறது. அங்கே மணிக்கணக்கில் தேங்கி நிற்கும்போது பையின் உட்சுவரை அது கெடுக்கிறது. பிற்பாடு, பெயின்ட் அடிக்கும் வேலையையும் ரப்பர் தயாரிக்கும் வேலையையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு இந்தப் பட்டியலில் சேர்த்தது.

ஓசூர் ஆலைகளில் வேலை பார்த்தால் புற்றுநோய் வரும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. பயப்படாதீர்கள். ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். எழுபதுகளில் இங்கே சிப்காட் வந்தது. எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் இருபது, இருபத்தைந்து வயதில் வேலைக்குச் சேர்ந்த தலைமுறை இன்று அறுபதைத் தாண்டி, வீட்டில் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறது. இந்த நோயோ, ரசாயனத்தோடு பழகி இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துக்கூட வரக்கூடியது. அதனால் டாக்டரிடம் போகும்போது, 'ரிட்டயர்டு ஆயிட்டேன்' என்று மட்டும் சொல்லாமல், என்ன வேலை பார்த்தீர்கள், எத்தனை வருஷம், எந்தப் பிரிவில் என்பதையும் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி பீடி, சிகரெட். மேல்நாட்டுக் கணக்குப்படி சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் ஏறக்குறைய பாதிக்குப் புகைதான் காரணம். 'நான் விட்டு இருபது வருஷம் ஆச்சே' என்பவருக்கும் ஆபத்து குறையுமே தவிர, அடியோடு போய்விடாது.

ஆழம்தான் எல்லாம்

'ஆபரேஷன்' என்றதும் எல்லாவற்றையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்கிறோம். உண்மையில் இங்கே இரண்டு விதமான ஆபரேஷன்கள் இருக்கின்றன. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். எது தேவை என்பதை முடிவு செய்வது வயது அல்ல. கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதுதான்.

சிறுநீர்ப்பையை ஒரு வீட்டுச் சுவராக நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே மெல்லிய பூச்சு. அதற்குப் பின்னால் கெட்டியான செங்கல். அந்தச் செங்கல்தான் பையின் தசை. கட்டி பூச்சோடு நின்றுவிட்டால் ஒரு வைத்தியம். செங்கலுக்குள் இறங்கிவிட்டால் வேறு வைத்தியம். முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்படுகிறவர்களில் நான்கில் மூன்று பேருக்குப் பூச்சோடு நிற்கிற ரகம்தான் என்கின்றன மேல்நாட்டுப் புள்ளிவிவரங்கள்.

சிறிய ஆபரேஷன்

பூச்சோடு நிற்கும் கட்டிக்கு வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து, சிறுநீர் வரும் வழியாகவே கருவியை விட்டுக் கட்டியைச் சுரண்டி எடுக்கிறார்கள். டாக்டர்கள் இதை டி.யூ.ஆர்.பி.டி. என்பார்கள். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சில நாட்களில் வீட்டுக்கு வந்துவிடலாம். எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பினால்தான் ஆழம் தெரியும். அதாவது, இது சிகிச்சை மட்டுமல்ல, சோதனையும்கூட. சில சமயம் சில வாரங்கள் கழித்து இரண்டாம் முறை சுரண்டிப் பார்ப்பார்கள். 'முதல் தடவை சரியாச் செய்யலையோ?' என்று சந்தேகப்படாதீர்கள். அதுதான் முறை.

எண்பது வயதுக்காரர்கள்கூட இதைத் தாங்குகிறார்கள். ஆபத்தே இல்லையா என்றால், உண்டு. ரத்தக்கசிவு வரலாம், கிருமி தொற்றலாம், அபூர்வமாகப் பையில் ஓட்டை விழலாம். இதயத்துக்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நீங்களாகவே மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

திரும்ப வரும் வாய்ப்பு அதிகம் உள்ளவர்களுக்கு பி.சி.ஜி. மருந்து கொடுக்கிறார்கள். ஆமாம், பிறந்த குழந்தைக்குத் தோளில் போடுகிறோமே, அதே பி.சி.ஜி.தான்! காசநோய்த் தடுப்புக்கான அந்த மருந்தைத் தயாரிக்க 1948-லேயே நம் கிண்டியில் ஆய்வுக்கூடம் வைத்தார்கள். அதைச் சிறுநீர்ப்பைக்குள் விட்டால் உடம்பின் எதிர்ப்பு சக்தி அங்கே திரண்டு வருகிறது என்பதை 1976-ல் கனடாவைச் சேர்ந்த டாக்டர் அல்வாரோ மொராலஸ் எடுத்துச் சொன்னார். வாரம் ஒரு முறை, ஆறு வாரம், மெல்லிய டியூப் வழியாகப் பைக்குள் விடுவார்கள். எரிச்சல், லேசான காய்ச்சல் வரலாம். காய்ச்சல் அதிகமானாலோ விடாமல் அடித்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இந்த ரகக் கட்டி பாதிப் பேருக்கு மேல் திரும்ப வருகிறது. எனவே மூன்றாம் மாதம் டியூப் விட்டுப் பார்க்கும் சோதனையைத் தவற விடாதீர்கள். 'நல்லாத்தானே இருக்கேன்' என்று அதை விட்டவர்கள்தான் பெரிய ஆபரேஷனில் போய் நிற்கிறார்கள்.

பெரிய ஆபரேஷன்

கட்டி தசைக்குள் இறங்கிவிட்டால் பையையே எடுக்க வேண்டியிருக்கும். ஆண்களுக்குப் பையோடு புராஸ்டேட்டையும், பெண்களுக்குப் பெரும்பாலும் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுப்பார்கள். பக்கத்தில் உள்ள நெறிகளையும் எடுப்பார்கள். நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகலாம்.

பை போய்விட்டால் சிறுநீர் எங்கே போகும்? சிறுகுடலில் அரை அடி அளவு துண்டு எடுத்து, இரண்டு சிறுநீர்க் குழாய்களையும் அதில் இணைத்து, மறுமுனையை வயிற்றின் வலப்பக்கம் சின்ன வாயாக வெளியே கொண்டுவந்து விடுகிறார்கள். அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பையை ஒட்டிக்கொள்ள வேண்டும். அமெரிக்க டாக்டர் யூஜின் பிரிக்கர் 1950-ல் பிரபலப்படுத்திய இந்த முறைதான் வயதானவர்களுக்கு இன்றும் அதிகம் செய்யப்படுகிறது. குடலிலேயே புதிய பை தைத்து உள்ளே வைக்கும் முறையும் உண்டு. ஆனால் அதில் ஆபரேஷன் நேரம் கூடும், சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும், இரவில் கட்டுப்பாடில்லாமல் சிறுநீர் போகும் தொல்லையும் இருக்கும். எழுபத்தைந்தைத் தாண்டியவருக்கு டாக்டர் எளிய வழியையே சொன்னால், 'வயசானவர்தானே' என்று அலட்சியப்படுத்துவதாக நினைக்காதீர்கள்.

இனி கசப்பான கணக்கு. மறைக்காமல் சொல்லிவிடலாம்.

நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனை, 1995 முதல் 2005 வரை இந்த ஆபரேஷன் செய்த 1,142 பேரின் கதையை வெளியிட்டது. முதல் 90 நாட்களில் நூற்றுக்கு 64 பேருக்கு ஏதாவது ஒரு சிக்கல் வந்தது. குடல் அசையாமல் வயிறு உப்புவது, கிருமித் தொற்று, புண் ஆறாமல் போவது ஆகிய மூன்றும்தான் முக்கியமானவை. பெரும்பாலானவை சமாளிக்கக் கூடியவை. தீவிரமான சிக்கல் வந்தவர்கள் நூற்றுக்கு 13 பேர். 90 நாளுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேருக்கும் குறைவு.

இது உலகத்தின் முதல்தர மருத்துவமனை ஒன்றின் கணக்கு, எல்லா வயதினரும் சேர்ந்தது. பலதரப்பட்ட மருத்துவமனைகளையும் சேர்த்து, எண்பதைத் தாண்டியவர்களை மட்டும் பார்த்த அமெரிக்கக் கணக்குகளில் 90 நாளுக்குள் இறப்பு நூற்றுக்குப் பத்துக்கும் மேல் போகிறது. வருஷத்துக்கு ஒன்றிரண்டு செய்யும் இடத்தைவிட, அடிக்கடி செய்யும் இடத்தில் ஆபத்து குறைவு என்பதும் திரும்பத் திரும்ப உறுதியான விஷயம்.

சரி, கிடைக்கும் லாபம் என்ன? தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1,054 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2001-ல் வெளியிட்டார்கள். நோய் பைக்குள்ளேயே இருந்து, நெறிகட்டியும் இல்லாதவர்களில் நூற்றுக்கு 85 பேர் ஐந்து ஆண்டு நோய் திரும்பாமல் இருந்தார்கள். பையைத் தாண்டி வெளியே போயிருந்தால் 58 பேர். நெறிகளில் பரவியிருந்தால் 35 பேர். 'எத்தனை சீக்கிரம் வந்தீர்கள்?' என்று டாக்டர் துருவித் துருவிக் கேட்பது இதனால்தான். தசைக்குள் இறங்கிய நோயைக் கண்டுபிடித்து, ஆபரேஷன் மட்டுமே செய்வதென்று முடிவான பிறகு மூன்று மாதத்துக்கு மேல் தள்ளிப்போட்டால் பலன் குறைகிறது. 'ஆடி போகட்டும், பேத்தி கல்யாணம் முடியட்டும்' என்று தள்ளுவதற்கு இது மூட்டுவலி அல்ல.

வயசா, உடம்பா?

எழுபத்தெட்டு வயதில் தினமும் ராமநாயக்கன் ஏரிப் பக்கம் நடந்துவிட்டு வருகிறவர் ஒருவர். அறுபத்தைந்து வயதில் சர்க்கரை, மூச்சிரைப்பு, வாதத்தோடு கட்டிலில் இருப்பவர் ஒருவர். யாருக்கு ஆபரேஷன் ஆபத்து? பிறந்த தேதி சொல்லாததை உடம்பு சொல்லும்.

டாக்டர்கள் செய்து பார்க்கும் ஒரு எளிய சோதனை உண்டு. நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். பத்து வினாடிக்குள் முடித்தால் நல்ல அறிகுறி. இருபது வினாடிக்கு மேல் ஆனால் உடம்பு தளர்ந்திருக்கிறது. இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத மாட்டார்கள். இதயம், நுரையீரல், சிறுநீரகம், சர்க்கரை, ரத்தத்தின் அளவு, சமீபத்தில் எடை குறைந்ததா, ஞாபகசக்தி எப்படி என்று எல்லாம் பார்ப்பார்கள். சிறுநீரகம் நன்றாக இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே கீமோதெரபி கொடுப்பதும் உண்டு. அதனால் பிழைப்பவர்கள் எண்ணிக்கை சற்றுக் கூடுகிறது.

ஆபரேஷன் தாங்காது என்றால்?

'அவ்வளவுதானா?' என்று கலங்க வேண்டாம். கட்டியை முடிந்த வரை சுரண்டி எடுத்துவிட்டு, கதிர்வீச்சும் (நம் ஊரில் 'கரண்ட் வைக்கிறது' என்போமே, அதுதான்) கூடவே கொஞ்சம் கீமோவும் கொடுத்து, பையைக் காப்பாற்றும் வழி இருக்கிறது. பிரிட்டனில் 360 பேரிடம் இதைச் சோதித்து 2012-ல் வெளியிட்டார்கள். அவர்களில் பாதிப் பேர் எழுபதைத் தாண்டியவர்கள். கதிர்வீச்சு மட்டும் கொடுத்ததைவிட இரண்டும் சேர்த்துக் கொடுத்ததில் நோய் அதே இடத்தில் திரும்புவது குறைந்தது. 2023-ல் அமெரிக்க, கனடா மருத்துவமனைகள் 722 பேரை ஒப்பிட்டுப் பார்த்தன. பையை எடுத்தவர்களுக்கும் இப்படிப் பையைக் காப்பாற்றிக்கொண்டவர்களுக்கும் ஐந்து ஆண்டு பலன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆனால் இது எல்லாருக்கும் பொருந்தாது. கட்டி ஒன்றாக இருக்க வேண்டும், ரொம்பப் பெரிதாக இருக்கக் கூடாது, இரண்டு சிறுநீரகமும் அடைபட்டிருக்கக் கூடாது. அதன் பிறகும் டியூப் விட்டுப் பார்ப்பது தொடர வேண்டும்.

"எதுவுமே வேண்டாம், இருக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்" என்று பெரியவர் சொல்கிறாரா? அதையும் மதிக்க வேண்டும். ஆனால் 'எதுவுமே வேண்டாம்' என்பது நிம்மதியான வழி என்று நினைத்துச் சொல்கிறாரா, தெரிந்து சொல்கிறாரா என்று பாருங்கள். தசைக்குள் இறங்கிய நோயை அப்படியே விட்டால் பெரும்பாலானவர்கள் இரண்டு ஆண்டைத் தாண்டுவதில்லை. அதற்குள் ரத்தம் கட்டிச் சிறுநீர் அடைத்துக்கொள்வது, வலி, சிறுநீரகம் வீங்குவது என்று அலைக்கழிக்கும். குணப்படுத்த முடியாவிட்டாலும் ரத்தத்தையும் வலியையும் அடக்க வைத்தியம் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஆபரேஷனுக்கு முன் வீட்டில்

பீடி, சிகரெட்டை உடனே நிறுத்துங்கள். நான்கு வாரம் நிறுத்தினாலே நுரையீரலுக்கு நல்லது. தினமும் நடக்கச் சொல்லுங்கள். முட்டை, பருப்பு, பால் என்று புரதச் சத்து சேருங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை டாக்டரிடம் கேளுங்கள். ரத்தசோகை, சர்க்கரை இரண்டையும் சரிக்கட்டுங்கள்.

வயிற்றில் பை ஒட்டும் இடத்தை ஆபரேஷனுக்கு முன்பே பேனாவால் குறித்து வைப்பார்கள். அப்போது வேட்டியோ லுங்கியோ சேலையோ, வழக்கமாக எதை உடுத்துவாரோ அதைக் கட்டிக்கொண்டு, உட்கார்ந்தும் நின்றும் காட்டச் சொல்லுங்கள். இடுப்புக் கட்டு அழுத்தும் இடத்தில் பை வந்துவிட்டால் வாழ்நாள் முழுக்கத் தொல்லை.

இன்னொன்று. பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு வயதானவர்கள் சில நாள் குழம்பிப் போவார்கள். இடம் தெரியாது, ஆள் தெரியாது, டியூபைப் பிடுங்குவார்கள். பயந்து விடாதீர்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும். மூக்குக் கண்ணாடி, காது மிஷின், பல் செட் எல்லாம் கையோடு கொண்டு போங்கள். பெங்களூரு மருத்துவமனையில் இரவு நர்ஸ் கன்னடத்தில் பேச, தமிழோ தெலுங்கோ மட்டும் தெரிந்த பெரியவர் மிரண்டு போவார். அவர் பாஷை பேசும் வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் இருப்பது மருந்துக்குச் சமம்.

பையோடு வாழ்க்கை

"வயித்துல பையை மாட்டிக்கிட்டு எப்படிங்க வெளியே போறது?" எல்லாரும் கேட்கும் கேள்வி இது. போகலாம். பையின் அடியில் உள்ள திருகைத் திறந்து மூன்று, நான்கு மணிக்கு ஒரு முறை காலி செய்தால் போதும். மூன்று, நான்கு நாளைக்கு ஒரு முறை புதிதாக ஒட்டலாம். சரியாக ஒட்டினால் நாற்றம் வராது. குளிக்கலாம், பஸ்ஸில் போகலாம், கோயிலுக்கும் போகலாம், பேரனைத் தூக்கலாம். ஆரம்பத்தில் மட்டும் கனமான பொருளைத் தூக்கக் கூடாது. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். பையை மாற்றக் குறைந்தது இரண்டு பேராவது வீட்டில் கற்றுக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் அம்மா தலையில் கட்டாதீர்கள், அவருக்கும் வயதாகிறது!

எங்கே போவது?

கிருஷ்ணகிரியில் 2022-ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. வேலூரில் சி.எம்.சி., சென்னையில் 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. சுமார் 40 கிலோமீட்டரில் பெங்களூருவின் கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையம்.

எல்லை தாண்டும் முன் ஒன்றைக் கவனியுங்கள். தமிழக முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை அந்த மருத்துவமனையில், அந்த ஆபரேஷனுக்குச் செல்லுமா என்று போவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அட்மிட் ஆன பிறகு கேட்டுப் பயனில்லை. ஆலையில் ஐந்து ஆண்டாவது இ.எஸ்.ஐ. கட்டி, வயது முடிந்து ஓய்வு பெற்றவர்கள், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டித் தனக்கும் மனைவிக்கும் இ.எஸ்.ஐ. வைத்தியத்தைத் தொடர விதி இருக்கிறது. பலருக்கு இது தெரிவதே இல்லை. பெரிய ஆபரேஷனுக்கு அதில் என்ன கிடைக்கும் என்பதை இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் கேளுங்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

1. கட்டி தசைக்குள் இறங்கிவிட்டதா? சதைப் பரிசோதனையில் தசையும் சேர்ந்து வந்திருந்ததா?

2. வேறு எங்கும் பரவியிருக்கிறதா?

3. இவர் உடம்புக்கு ஆபரேஷனில் என்ன ஆபத்து? மயக்க மருந்து நிபுணர் பார்த்துவிட்டாரா?

4. பையைக் காப்பாற்றும் கதிர்வீச்சு முறை இவருக்குப் பொருந்துமா? கதிர்வீச்சு டாக்டரையும் பார்க்கலாமா?

5. இந்த மருத்துவமனையில் வருஷத்துக்கு இத்தகைய ஆபரேஷன் எத்தனை செய்கிறீர்கள்?

6. பழையபடி நடமாட எத்தனை மாதம் ஆகும்?

7. பையை மாற்றக் கற்றுத்தரும் நர்ஸ் இருக்கிறாரா?

கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்காதீர்கள். நல்ல டாக்டர் சந்தோஷமாகப் பதில் சொல்வார்.

ஏழு கேள்விகளையும் கேட்கும்போது பெரியவரும் அறைக்குள் இருக்கட்டும். "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்!" என்று கதவுக்கு வெளியே கெஞ்சுவது நம் பழக்கம். பாசம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் மயக்கம் தெளிந்து கண் விழிக்கும்போது வயிற்றில் ஒரு பை தொங்குவதை யாரால் மறைக்க முடியும்? முன்பே தெரிந்து, சம்மதித்துப் போகிறவர் அந்தப் பையோடு பழகிக்கொள்கிறார். ஏமாற்றப்பட்டதாக நினைக்கிறவர் சாப்பாட்டைக்கூடத் தள்ளிவிடுகிறார். நாற்பது வருஷம் ஷிப்ட் பார்த்து வீட்டைத் தூக்கி நிறுத்தியவருக்குத் தன் உடம்பைப் பற்றிய முடிவைத் தானே எடுக்கத் தெரியும். உண்மையைச் சொல்லி, பக்கத்தில் உட்காருங்கள்.